அரசு மருத்துவமனையில் மூத்த மருத்துவரின் இடம்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவத் துறையைப் பற்றிய பொது விவாதம் கட்டடம், படுக்கை, கருவி, மருந்து, புதிதாக ஆணை பெற்ற இளம் மருத்துவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சுற்றியே பெரும்பாலும் நடந்துவருகிறது. இருபது இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஒரு துறையையே தாங்கி நிற்கும் மூத்த மருத்துவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார், நாளில் எவ்வளவு நேரம் நோயாளியின் அருகில் இருக்க அவருக்கு வாய்க்கிறது, பதவி உயர்வு பெறும்போது அவருடைய கைத்திறன் எங்கே போய்ச் சேர்கிறது என்னும் கேள்விகள் அதே அக்கறையோடு கேட்கப்படுவதில்லை. இச்சொற்பொழிவு அக்கேள்விகளையே எடுத்துக்கொள்கிறது. மூத்த மருத்துவர் என்று இங்கே குறிக்கப்படுபவர், முதுநிலைப் பட்டமோ உயர் சிறப்புப் பட்டமோ பெற்று, ஒரே துறையில் நெடுங்காலம் பழகி, சிக்கலான நோயாளியைப் பற்றித் தாமே முடிவெடுக்கவும் இளையவர் எடுத்த முடிவுக்குப் பொறுப்பேற்கவும் தகுதி பெற்றவர். அத்தகைய ஒருவர் உருவாக, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால், கால் நூற்றாண்டு ஆகிறது. அவரை இழக்க ஓர் இடமாறுதல் ஆணை போதும். இன்றுள்ள பணியமைப்பு மருத்துவரை உயர்த்தும் ஒவ்வொரு படியிலும் அவரை நோயாளியிடமிருந்து சற்று விலக்கிவிடுகிறது என்பதும், காலிப் பணியிடங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு அந்த விலகல் தெரிவதேயில்லை என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பெரும்பாலும் மூன்று இயக்ககங்களின் கீழ்ப் பணியாற்றுகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நோய்த்தடுப்புப் பணிகளையும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம் நடத்துகிறது. வட்ட மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை. மருத்துவக் கல்லூரிகளும் அவற்றோடு இணைந்த மருத்துவமனைகளும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் பொறுப்பு. மருத்துவர்களின் அன்றாடப் பேச்சில் இவை டி.பி.எச்., டி.எம்.எஸ்., டி.எம்.இ. என்றே வழங்கும். 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக உதவி மருத்துவராகச் சேரும் ஒருவர், வழக்கமாக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, பணியில் இருந்தபடியே முதுநிலைப் படிப்புக்குச் சென்று, திரும்பி வந்து வட்ட மருத்துவமனையிலோ கல்லூரி மருத்துவமனையிலோ சிறப்பு மருத்துவராகிறார். வழி இரண்டாகப் பிரியும் இடம் அது. கல்லூரிப் பக்கம் சென்றவர் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று உயர்கிறார். அவர்களுள் சிலர் முதல்வராகின்றனர். மருத்துவமனைப் பக்கம் நின்றவர் முதுநிலை உதவி மருத்துவர், குடிமை மருத்துவர் முதலிய படிகளைக் கடந்து, இறுதியில் ஒரு மாவட்டத்தின் மருத்துவ நிர்வாகத்தைக் கவனிக்கும் இணை இயக்குநர் நாற்காலிக்கு வந்து சேர்கிறார்.

இந்த ஏணியின் வடிவம் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தது. அன்றைய இந்திய மருத்துவப் பணி அடிப்படையில் படைத்துறையைச் சார்ந்தது. அதன் அதிகாரி ஒரு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டபோது நோயாளிகளோடு சிறைச்சாலை, சுகாதாரம், சான்றிதழ், கீழ்ப் பணியாளர் மேற்பார்வை அனைத்தும் அவர் பொறுப்பில் வந்தன. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு இந்தியர் ஒருவர், மருத்துவர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், முதல்வராக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே உயர்பதவி என்பது அன்று மருத்துவத் திறனுக்கான இடமாக மட்டுமன்றி ஆட்சியதிகாரத்தின் இடமாகவும் கருதப்பட்டது விளங்கும். சிறப்புத் துறைகள் கிளைவிடாத காலத்தில் அமைந்த அந்த ஏற்பாடு, இதயவியலும் சிறுநீரகவியலும் பச்சிளங்குழந்தை மருத்துவமும் தனித்தனித் துறைகளாக வளர்ந்த பிறகும் பெரிதாக மாறவில்லை. பொது சுகாதாரக் கிளை மட்டும் வேறு வழியில் சென்றது. இந்தியாவின் முதல் பொது சுகாதாரச் சட்டமான 1939ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் பின்பலத்தோடு, அதற்கெனப் பட்டயம் பெற்ற மருத்துவர்களைக் கொண்ட தனிப் பணித்தொகுதியாக அது நிலைத்தது. விடுதலைக்குப் பின் பல மாநிலங்கள் மருத்துவப் பணியையும் பொது சுகாதாரப் பணியையும் ஒன்றாக்கிவிட்டபோதும் தமிழ்நாடு அதைக் காத்துக்கொண்டது. ஒரு துறையில் மூத்தவர் அத்துறைக்குள்ளேயே உயர முடியும் என்பதற்கு வெளியே தேட வேண்டாத முன்மாதிரி இது. மருத்துவமனைப் பணிக்கு மட்டும் அது ஏன் பின்பற்றப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

மூத்தவர் ஒருவர் ஓரிடத்தில் நிலைத்திருப்பது என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுகள் உள்ளன. 1950இல் அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கி, பல ஆண்டுகள் அங்கேயே நிலைத்து, அடுத்தடுத்த தலைமுறை அறுவை மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித்துறையை வளர்த்தெடுத்தார். எந்திரத்தில் சிக்கி விரலிழந்த தொழிலாளர்களுக்கு அது பெரும் புகலிடமாயிற்று. இவை திறமையால் மட்டும் அமைந்த துறைகள் அல்ல. தலைமை தாங்கியவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருந்தால் இவற்றுள் எதுவும் வேரூன்றியிருக்காது.

கல்லூரி மருத்துவமனையின் பணி 'யூனிட்' முறையில் நடக்கிறது. ஒரு மூத்த பேராசிரியர் அதன் தலைவர். அவருக்குக் கீழே இரண்டு மூன்று உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாள் அந்த யூனிட்டின் ஓ.பி. நாளாகவும் அட்மிஷன் நாளாகவும் அமையும். அன்று வார்டில் சேர்பவர் அனைவரும் அதன் பொறுப்பு. மறுநாள் காலை நடக்கும் ரவுண்ட்ஸில்தான் மூத்த மருத்துவரின் பணி முழு உருவம் பெறுகிறது. இரவு முழுவதும் விழித்திருந்த முதுநிலை மாணவர், நோயாளியின் வரலாற்றையும் பரிசோதனை முடிவுகளையும் ஒப்பிக்கிறார். யூனிட் தலைவர் கேட்டுக்கொண்டே வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறார், சிறுநீர்ப் பையைத் தூக்கி இரவில் எவ்வளவு வந்தது என்று பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருப்பதற்கும் தம் கைக்குத் தட்டுப்படுவதற்கும் பொருத்தமில்லை என்று கண்டு, மாலைவரை பொறுக்கலாம் என்று மாணவர் எண்ணியிருந்த அறுவையை உடனே செய்யச் சொல்கிறார். எந்தப் பதிவேட்டிலும் தனியாக ஏறாத இந்த அரை நிமிடத்துக்காகத்தான் அரசு அவரை இருபத்தைந்து ஆண்டுகள் வளர்த்தது. ரவுண்ட்ஸ் பாதியில் இருக்கும்போதே ஆய்வுக் கூட்டத்துக்கும் காணொலிக் கூட்டத்துக்கும் அழைப்பு வருகிறது. காப்பீட்டுத் திட்டத்துக்கான படிவங்களும், கொள்முதல் கோப்புகளும், நீதிமன்ற சாட்சி அழைப்பாணைகளும் மேசையில் காத்திருக்கின்றன. இவை அனைத்தும் செய்யப்பட வேண்டியவையே. யார் செய்ய வேண்டும் என்பதில்தான் குறை.

வட்ட மருத்துவமனையின் நிலை இன்னும் நெருக்கடியானது. அங்கே செயல்படும் சீமாங் மையம், அதாவது அவசரகால மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையம், இரவு பகலாக அறுவைப் பேறுகாலத்தையும் கையாள வேண்டியது. பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காத தாய் ஒருத்திக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து ஏற்றப்படுகிறது. பயனில்லையெனில் கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்தம் கொடுக்கப்படுகிறது. அதற்கும் நிற்காவிட்டால் வயிற்றைத் திறந்து கருப்பையைத் தையலால் இறுக்கிப் பார்க்க வேண்டும். கடைசியில் கருப்பையையே அகற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு படியையும் செய்யும் முறை பாடநூலில் இருக்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்போது நகர்வது, இந்தத் தாயை மாவட்ட மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் ஏற்றினால் வழி தாங்குவாளா, இங்கேயே திறப்பதா என்னும் முடிவு பாடநூலில் இல்லை; இத்தகைய பல இரவுகளைக் கண்ட ஒருவரின் மனத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு விகிதம், அதாவது ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்னும் அளவு, மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி 2004-06இல் 111 ஆக இருந்து 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குக் காரணங்கள் பல. இரவில் அழைத்தால் வரக்கூடிய தொலைவில் அனுபவமிக்க மகப்பேறு மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் பல ஊர்களில் இருந்தது அவற்றுள் முதன்மையானது என்று துணிந்து கூறலாம். அவர்களுள் ஒருவர் மூப்பு வரிசையில் கண்காணிப்பாளராகவோ இணை இயக்குநராகவோ உயரும்போது, அரசுக்கு ஒரு நிர்வாகி கிடைக்கிறார், அந்த ஊருக்கு இரவில் வரும் கை ஒன்று குறைகிறது.

மூத்த மருத்துவரை உருவாக்கும் வழி எவ்வாறு காக்கப்பட்டது என்பது தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் பட்டப்படிப்பில் மாநில இடங்களில் 50 விழுக்காட்டை ஒதுக்கும் முறை இங்கே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. கிராமத்தில் பணியாற்றினால் சிறப்பு மருத்துவராக முடியும் என்னும் உறுதி இளம் மருத்துவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஈர்த்தது. படித்து முடித்தவர்கள் மீண்டும் அரசு மருத்துவமனைகளுக்கே வந்ததால் அங்கே சிறப்பு மருத்துவர்கள் நிறைந்தனர். 2016இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகளின்படி பட்டப்படிப்பில் தனி ஒதுக்கீட்டுக்கு இடமில்லை, எளிதில் சென்றடைய முடியாத பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கு ஊக்க மதிப்பெண் மட்டுமே வழங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டின் ஏற்பாட்டை அடியோடு அசைத்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று, பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும், அதைத் தடுக்கும் அதிகாரம் மருத்துவக் கவுன்சிலுக்கு இல்லை என்றும் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மாநில அரசு உயர் சிறப்புப் படிப்புகளிலும் 50 விழுக்காட்டை இவ்வாறு ஒதுக்கி ஆணையிட்டது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்த அனுமதித்தது. மருத்துவர்களின் சங்கமொன்று நீதிமன்றத்தில் நின்று மாநில உரிமை ஒன்றை மீட்டுத் தந்த நிகழ்வு என்ற வகையில் இது இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது. நாடு முழுவதிலும் ஊரகச் சமுதாய சுகாதார மையங்களில், தேவையோடு ஒப்பிட, சிறப்பு மருத்துவர் பற்றாக்குறை ஏறக்குறைய 80 விழுக்காடு என்று மத்திய அரசின் 2021-22ஆம் ஆண்டு ஊரக சுகாதாரப் புள்ளிவிவரம் காட்டுவதை வைத்துப் பார்த்தால், இந்த ஒதுக்கீட்டின் மதிப்பு விளங்கும்.

ஆக்குவதில் காட்டிய இந்த அக்கறை, ஆக்கியவரை இருத்திக்கொள்வதில் காட்டப்படவில்லை. ஊதியத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசு மருத்துவர்களுக்கு, காலிப் பணியிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட ஆண்டுகள் நிறைந்தவுடன் அடுத்த ஊதியநிலை கிடைக்கும் ஏற்பாடு உள்ளது. காலமுறைப் பதவி உயர்வு என்று அதைச் சொல்லலாம். 4, 9, 13, 20 ஆண்டுகளில் அந்த உயர்வுகள் வருகின்றன. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் 354ஆம் எண் அரசாணை இத்தகைய உயர்வை 8, 15, 17, 20 ஆண்டுகளில் வழங்கியது. அதை 5, 9, 11, 12 ஆண்டுகளாக மாற்றி, நான்காம் ஊதியப் பட்டையை 12 ஆண்டுகளில் அடைய வகை செய்ய வேண்டும் என்பது அரசு மருத்துவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. 2019 அக்டோபர் 25 முதல் ஒரு வாரம் நீடித்த வேலைநிறுத்தம் இக்கோரிக்கையை முன்வைத்தே நடந்தது. அதோடு, ஆசிரியர் பணியிடங்களை மருத்துவக் கவுன்சிலின் குறைந்தபட்ச அளவைக் கொண்டு நிர்ணயிக்காமல் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும், பட்ட மேற்படிப்பு முடித்தவர்களுக்கு வெளிப்படையான கலந்தாய்வின் மூலம் இடம் தர வேண்டும், பணியிலுள்ளோருக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு வேண்டும் என்பவையும் கேட்கப்பட்டன. போராட்டத்தில் பங்கேற்றோர் மீது இடமாறுதல் ஆணைகளும் குற்றக் குறிப்பாணைகளும் பாய்ந்தன. இடமாறுதல்களை 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒதுக்கீட்டுக் கோரிக்கை நிறைவேறிவிட்டது. ஊதியக் கோரிக்கை மட்டும் ஆட்சிகள் மாறியும் பேச்சுவார்த்தையிலேயே நிற்பது நியாயமன்று. குறிப்பாக, 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தின் பாதுகாப்பை இழந்தவர்கள் இன்று மூத்த மருத்துவர்களாகிவிட்ட நிலையில், தனியார் மருத்துவமனையின் அழைப்பை மறுக்க அவர்களுக்கு இருந்த காரணங்களுள் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

பதவி உயர்வின் தாமதம் ஊதியத்தைவிட ஆழமாகப் புண்படுத்துகிறது. மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி நான்கு ஆண்டு உதவிப் பேராசிரியராகவும், அதன்பின் மூன்று ஆண்டு இணைப் பேராசிரியராகவும் இருந்து, தேவையான ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டவர் பேராசிரியராகும் தகுதி பெறுகிறார். தனியார் கல்லூரியில் ஏறக்குறைய அந்தக் கணக்கிலேயே உயர முடிகிறது. அரசுக் கல்லூரியிலோ தகுதி வந்தபின்னும் பணிமூப்புப் பட்டியல் இறுதியாக வேண்டும், அதன் மேல் வழக்கு இருந்தால் அது முடிய வேண்டும், தேர்ந்தோர் பட்டியல், அதாவது பேனல், வெளியிடப்பட வேண்டும், பிறகு கலந்தாய்வு. திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, மூப்பு எண்ணின்படி பெயர் அழைக்கப்பட்டவர் சில நிமிடங்களில் தம் எஞ்சிய பணிக்காலத்தின் ஊரைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளாகச் சென்னையில் சிறுநீரக மாற்று அறுவையில் பழகிய ஒருவருக்கு எஞ்சியிருப்பது அத்தகைய அறுவையரங்கே இல்லாத கல்லூரியாக இருக்கலாம். அதனால் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு துறையிலும் உண்டு. உயர்வைத் துறப்பவரைப் பிழைப்புக்காக நகரத்தை விடாதவர் என்று பழிப்பது எளிது. அந்த முடிவால் நோயாளிகள் பலர் காக்கப்படுவதையும் சேர்த்துச் சிந்திப்பது நேர்மை. கல்லூரி முதல்வர் பணியிடங்களே பல மாதங்கள் பொறுப்பு முதல்வர்களால் நடத்தப்பட்டு, 2024 செப்டம்பரில் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே சமயத்தில் முதல்வர்கள் நியமிக்கப்பட்ட நிகழ்வு, உச்சிப் படியிலும் இதே தேக்கம் இருப்பதைக் காட்டிற்று.

2022 ஜனவரி 12 அன்று விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரி என்னும் நெடுங்காலக் கனவு இதனால் பெருமளவு நனவாயிற்று. ராமநாதபுரத்து மீனவரும் நீலகிரியின் தோட்டத் தொழிலாளியும் இதனால் பெறும் நன்மை பெரிது. ஆனால் 100 மாணவர் சேரும் கல்லூரிக்கு 85 ஆசிரியர்களும், 150 மாணவர் சேரும் கல்லூரிக்கு 114 ஆசிரியர்களும் வேண்டும் என்று ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு அளவுகள் கூறுகின்றன. கட்டடம் இரண்டாண்டில் எழும், பேராசிரியர் எழமாட்டார். எனவே பழைய கல்லூரிகளிலிருந்து மூத்தவர்கள் புதிய கல்லூரிகளுக்குப் பகிரப்பட்டனர். ஆய்வு வரும் காலங்களில் மாற்றுப்பணி ஆணைகள் பெருகின. மாற்றுப்பணி என்பது சம்பளம் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலுமாக நடக்கும் தற்காலிக ஏற்பாடு. தற்காலிகம் என்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீளும் மாற்றுப்பணிகள் அரசு மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. 2025இல் ஆணையம் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் குறைபாடு பற்றியும் வருகைப் பதிவு பற்றியும் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. முகமறிந்து பதியும் வருகைக் கருவி மருத்துவர் வளாகத்துக்குள் இருந்தாரா என்று சொல்லும். இரவு இரண்டு மணிக்கு அறுவையரங்குக்கு வந்து ஐந்து மணிக்கு வீடு திரும்பியவரைக் காலையில் தாமதமாக வந்தவராகவும் சொல்லும். அந்த ஆண்டு பிப்ரவரியில் 2,600க்கும் மேற்பட்ட உதவி மருத்துவர்கள் ஒரே தொகுதியாக நியமிக்கப்பட்டனர் என்பது பாராட்டுக்குரியது. அவர்களை வழிநடத்தும் படியில் உள்ள வெற்றிடம் தேர்வு நடத்தி நிரப்பக்கூடியதன்று.

இந்நெருக்கடிக்கு விடையாக ஆணையம் 2025இல் ஆசிரியர் தகுதி விதிகளைத் தளர்த்தியது. 220 படுக்கைக்குக் குறையாத அரசு மருத்துவமனைகளில் பத்தாண்டு அனுபவம் பெற்ற முதுநிலைச் சிறப்பு மருத்துவரை இணைப் பேராசிரியராக நியமிக்க இப்போது இடம் உண்டு. தரம் குறையும் என்று இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சத்தை முற்றிலும் ஒதுக்க முடியாது. எனினும், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பத்தாண்டுகள் மகப்பேறும் எலும்பு முறிவும் பார்த்தவர் கற்பிக்கத் தகுதியற்றவர் என்னும் கருத்து அரசு மருத்துவர்களின் உழைப்பை நெடுநாள் சிறுமைப்படுத்தி வந்தது. மருத்துவமனைக் கிளைக்கும் கல்லூரிக் கிளைக்கும் இடையில் இருந்த சுவரில் ஒரு வாயில் திறந்திருக்கிறது என்ற அளவில் இவ்விதி வரவேற்கத்தக்கது. கல்லூரிகளின் பற்றாக்குறையை மறைக்க மாவட்ட மருத்துவமனைகளை வெறுமையாக்கும் வழியாக அது மாறினால் மட்டும் எதிர்க்கப்பட வேண்டும்.

ஓய்வு வயதிலும் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. மத்திய அரசு மருத்துவர்கள் 2016 முதல் 65 வரை பணியாற்றலாம். 62 வயதுக்குப் பின் அவர்கள் நிர்வாகப் பதவிகளை விட்டுச் சிகிச்சைக்கும் கற்பித்தலுக்கும் திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. அறுபதில் ஓய்வுபெறும் தமிழ்நாட்டுப் பேராசிரியர் அடுத்த வாரமே தனியார் கல்லூரியில் சேர்ந்து எழுபது வரை கற்பிக்க முடிகிறது என்றால், அவரை வளர்த்த அரசுக்கு அந்தப் பத்தாண்டுகள் கிடைப்பதில்லை. மறுபுறம், ஓய்வு வயதை நேராக உயர்த்தினால் ஏற்கெனவே தேங்கியிருக்கும் இணைப் பேராசிரியர்கள் இன்னும் காத்திருக்க நேரும் என்னும் அவர்களது அச்சமும் உண்மையானது. நிர்வாகப் பதவியையும் யூனிட் தலைமையையும் அறுபதில் விட்டுக்கொடுத்து, சிகிச்சையிலும் கற்பித்தலிலும் மட்டும் தொடரும் வழியே இரு தரப்புக்கும் பொருந்துவது. இலங்கை இதில் ஓர் எச்சரிக்கை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அங்கே அரசுப் பணியாளர்களின் ஓய்வு வயது 60 என்று குறைக்கப்பட்டது; விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றம் சென்றனர்; மருத்துவர்கள் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நிலையில், பின்னர் மருத்துவர்களுக்கு அவ்வயது 63 ஆக்கப்பட்டது.

மூத்த மருத்துவரைப் பற்றிய எந்தப் பேச்சும் தனியார் மருத்துவப் பணியைத் தொடாமல் முடியாது. முழுநேர ஊதியம் பெறும் மருத்துவர்கள் தனியாகத் தொழில் செய்யக்கூடாது என்று 1946இல், இந்தியாவின் சுகாதார அமைப்பை ஆராய்ந்த போர் (Bhore) குழு பரிந்துரைத்தது. கேரளம் 2009இல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு அதைத் தடை செய்தது. மத்திய அரசு தடை செய்வதோடு, அடிப்படை ஊதியத்தில் 20 விழுக்காட்டை ஈட்டுப்படியாக வழங்குகிறது. தமிழ்நாடு பணி நேரத்துக்கு வெளியே அனுமதிக்கிறது, ஈட்டுப்படி இல்லை. இந்த அனுமதியால் பல சிற்றூர்களில் சிறப்பு மருத்துவர் குடும்பத்தோடு தங்குகிறார் என்பது உண்மை. மாலை கிளினிக்கின் நேரம் நண்பகல் வார்டை நோக்கி நகர்ந்துவருவதும் உண்மை. ஈடு தராமல் தடை விதித்தால் மிகத் திறமையானவர்களே முதலில் வெளியேறுவர். தடையில்லாவிடினும், முழுநேரமும் அரசு மருத்துவமனையிலேயே இருக்க விரும்புவோர்க்கு, அதுவும் உயர் சிறப்புத் துறைகளில், விருப்பத்தின் அடிப்படையில் ஈட்டுப்படி அறிவிப்பது அரசால் இன்றே தொடங்கக்கூடியது.

நேரத்தை எவ்வாறு பகிர்வது என்பதில் பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி கற்பிப்பதற்குச் சில உண்டு. 2003ஆம் ஆண்டு ஒப்பந்தம் அங்குள்ள மூத்த சிறப்பு மருத்துவரின் வாரத்தைத் தலா நான்கு மணி நேரம் கொண்ட பத்துப் பகுதிகளாகப் பிரித்தது. வழக்கமாக ஏழரைப் பகுதி நேரடிச் சிகிச்சைக்கும், இரண்டரைப் பகுதி கற்பித்தல், தணிக்கை, தம் கல்வி ஆகியவற்றுக்கும் உரியவை. அந்த அமைப்பின் ஊதியப் பூசல்களும் வேலைநிறுத்தங்களும் உலகறிந்தவை. எடுத்துக்கொள்ளத்தக்கது நேரம் எழுத்தில் வகுக்கப்படுகிறது என்னும் ஒன்றே. தமிழ்நாட்டில் யூனிட் தலைவர் ஒருவரின் வாரத்தில் கூட்டங்களுக்கும் கோப்புகளுக்கும் போகும் மணிகள் எங்கும் எழுதப்படுவதில்லை; எழுதப்படாததால் அவை குறைக்கப்படுவதும் இல்லை. காலை எட்டு முதல் பதினொன்றுவரை எந்தக் கூட்டத்துக்கும் துறைத் தலைவர்களை அழைக்கக்கூடாது என்னும் ஒற்றை வரி ஆணையே ரவுண்ட்ஸைக் காப்பாற்றிவிடும். மருத்துவமனை நிர்வாகம் படித்த அலுவலர்களை ஒவ்வொரு கல்லூரியிலும் நியமித்துக் காப்பீட்டுப் படிவங்களையும் கொள்முதலையும் அவர்களிடம் ஒப்படைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு ஸ்கேன் கருவியின் விலைக்குள் அடங்கும்.

பாதுகாப்பும் பணியில் நிலைப்பதோடு சேர்ந்ததே. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. இருந்தும், 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய்த் துறை மருத்துவர் ஒருவர் தம் ஓ.பி. அறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். நோயாளியின் குடும்பத்தாரிடம் கெட்ட செய்தியை உட்காரவைத்துச் சொல்ல மூத்தவருக்கு நேரமில்லாத மருத்துவமனையில் கோபம் கதவருகே சேர்ந்துகொண்டே இருக்கும். காவலர்களின் எண்ணிக்கையால் மட்டும் அதைத் தணிக்க இயலாது.

எஞ்சியிருப்பது கையளிப்பு. ஓர் அரசு மருத்துவர் ஓய்வுபெறும் நாள் அவர் பணியில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டில் கணக்கிடக் கிடைக்கிறது. ஆயினும் துறைத் தலைவர் ஓய்வுபெற்ற பின்னரே அந்த இடம் காலி என்று அறிவிக்கப்பட்டு, பேனல் தயாராகி, அடுத்தவர் வரும்வரை மாதங்கள் கழிகின்றன. வருபவர் முன்னவரைச் சந்திப்பதே இல்லை. அடுத்த ஐந்தாண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தத் துறையின் தலைவர் எந்த மாதம் ஓய்வுபெறுகிறார் என்னும் பட்டியலை இயக்ககங்கள் ஆண்டுதோறும் வெளியிட்டு, ஓய்வுக்கு ஓராண்டு முன்னரே அடுத்தவரைக் கூடுதல் பணியிடத்தில் அதே யூனிட்டில் சேர்க்க முடியும். முதல் ஆறு மாதம் புதியவர் உடன்நின்று பார்க்கலாம்; அடுத்த ஆறு மாதம் அவர் அறுவை செய்ய மூத்தவர் உதவியாளராக எதிரே நிற்கலாம். செலவு, ஒரு பணியிடத்துக்கு ஓராண்டுச் சம்பளம். குழந்தை அறுவைச் சிகிச்சை, இரத்தநாள அறுவை, உறுப்பு மாற்று, பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சை ஆகிய சிறிய துறைகளில், ஒருவர் போனால் மாவட்டத்தில் வேறொருவர் இல்லாத மதுரைக்குத் தெற்கேயுள்ள கல்லூரிகளிலும் 2022இல் திறந்த 11 கல்லூரிகளிலும் இதை முதலில் தொடங்குவது பொருத்தம்.